கோட்டைக் குமாஸ்தாவின் பெயர்

'கிளைவ்'! இங்கிலாந்தில் இன்று பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டுவோர் அபூர்வம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது அங்கே சகஜமான பெயர்.

செங்குத்தான பாறைச் சரிவைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லே இதன் மூலம். முதலில் அது ஊர்ப் பெயர். பிறகு குடும்பப் பெயர். அந்தக் குடும்பப் பெயர் கொண்ட ராபர்ட் கிளைவ், 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைக் கோட்டைக்கு வந்தார். சம்பளம் ஆண்டுக்கு 5 பவுன். பேனாவை வைத்துவிட்டு வாளெடுத்தவர், 1751-ல் ஆற்காட்டைப் பிடித்தார். 1757-ல் பிளாசியில் வென்றார். அந்தப் புகழுக்குப் பிறகே, குடும்பப் பெயர் குழந்தைகளுக்கு இடும் பெயராயிற்று. கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, 1850-களில் எழுதிய 'தி நியூகம்ஸ்' நாவலின் நாயகனுக்கும் கிளைவ் என்றே பெயரிட்டார். அவன் இந்தியாவில் பணிபுரிந்த கர்னலின் மகன்.

வென்றவரின் பெயர், ஆளப்பட்ட நாடுகளிலும் வேர்விட்டது. 1944-ல் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கறுப்பினக் குழந்தை ஒன்றுக்கும் அதுவே பெயர். அவர்தான், 1975-ல் முதல் உலகக் கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவுகளின் காப்டன் கிளைவ் லாயிட்.

அதே ஆண்டு ஜனவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் அவர் இரட்டைச் சதம் அடித்தபோது, கை குலுக்க ரசிகர் ஒருவர் உள்ளே ஓடினார். குமாஸ்தா கிளைவ் வாளால் வென்ற நாட்டில், இந்தக் கிளைவ் மட்டையால் மனங்களை வென்றார்.