பிள்ளை ஆணா, பெண்ணா?

மகப்பேறு மருத்துவமனையின் வாயிலில் காத்து நிற்கும் உற்றார் உறவினர், உள்ளிருந்து வரும் செவிலியரிடம் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: "என்ன பிள்ளை?" இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையாயினும் சரி, திருவொற்றியூரில் உள்ள சிறிய தனியார் மருத்துவமனையாயினும் சரி, இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு நொடியில் விடை கிடைத்துவிடுகிறது. எனினும், எப்போதோ ஒரு பிரசவத்தில் செவிலியர் தயங்குகிறார். பிள்ளையின் உடலைக் கண்டு ஆணென்றோ பெண்ணென்றோ உடனே கூற இயலவில்லை. அந்தத் தயக்கத்தில் தொடங்குகிறது, ஒரு குடும்பத்தின் கலக்கமும், பல வேளைகளில் ஒரு குழந்தையின் துயரமும்.

பால் வேறுபாடு, பாலின அடையாளம் என்னும் சொற்கள் இன்று செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் நீதிமன்றத்திலும் ஒலிக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் இவற்றைக் கைப்பேசியில் படிக்கின்றனர். பெற்றோரோ, இது பேசத்தகாத பொருள் என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். பேசாமையால் பொருள் மறைந்துவிடுமா? மறையாது. அறியாமையே வளரும். ஆகவே, அறிவியல் கூறுவது யாது, திருச்சபை கற்பிப்பது யாது, நாம் செய்யத் தக்கது யாது என்பவற்றைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஓடியவள் பெற்ற பரிசு

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற் சூளையில் கூலி வேலை செய்த ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராசன். வறுமையை மிதித்து ஓடியே வளர்ந்தவர். 2006 டிசம்பரில் தோகா நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். தமிழகம் மகிழ்ந்தது. மகிழ்ச்சி சில நாள்களே நீடித்தது. அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது, அதில் அவர் தேறவில்லை என்ற செய்தி உலகெங்கும் பரப்பப்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது.

சாந்தி யாரையும் ஏமாற்றியவர் அல்லர். பெண்ணாகப் பிறந்ததாகவே பெற்றோரால் அறியப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்தவர். ஊக்க மருந்து எதுவும் உண்டவர் அல்லர். தம் உடலின் உள்ளமைப்பைத் தாமே அறியாதிருந்த ஒருவரின் மிக அந்தரங்கமான செய்தியை ஊரறியச் செய்தது எவ்வகையில் நீதியாகும்? 2007 இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற செய்தியும் வந்தது. இறையருளால் உயிர் பிழைத்தார். தமிழக அரசு தனக்குரிய பரிசை நிறுத்திவிடாமல் 15 இலட்சம் ரூபாயை அவருக்கு வழங்கியிருந்தது. அவர் ஏழைச் சிறார்க்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். பின்னர் முறையாகப் பயிற்றுநர் கல்வி பெற்று, 2016 இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பணியும் பெற்றார். பறிக்கப்பட்ட பதக்கமோ திரும்பவில்லை.

கருவறையில் நிகழ்வது

தாயின் வயிற்றில் ஏறத்தாழ ஆறு வாரம் வரை, ஆண் கருவும் பெண் கருவும் உறுப்பமைப்பில் ஒன்றுபோலவே உள்ளன. பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்த ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணுவை 1990 இல் இலண்டன் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இம்மரபணு தூண்டிவிட்டால் கருவில் விந்தகம் உருவாகத் தொடங்குகிறது. தூண்டாவிடில் பொதுவாகச் சூலகம் உருவாகிறது. விந்தகம் சுரக்கும் ஹார்மோன்களுள் ஒன்று கருப்பை உருவாகாதபடி தடுக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் மற்றொன்று ஆண் உறுப்புகளை வளர்க்கிறது.

பல படிகளைக் கொண்ட இவ்வேணியில், ஏதேனும் ஒரு படி மாறிவிடுவதுண்டு. சிலருக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம்களும் உள்ளே விந்தகமும் இருக்கும். ஆனால் அது சுரக்கும் ஆண்மை ஹார்மோனை உடலின் அணுக்கள் ஏற்பதில்லை. ஆகவே புறத்தே முழுப் பெண்ணாகவே அவர்கள் வளர்வர், கருப்பை இராது, மாதவிலக்கு வராது. இதனை ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்பர். சாந்தியின் நிலையும் இதுவே என்று செய்திகள் கூறின. இன்னும் சில பெண் குழந்தைகளுக்கு, சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் குறையால் ஆண்மை ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, கருப்பையும் சூலகமும் இருந்தும், புறவுறுப்பு ஆண்போலத் தோன்றும். இவையன்றி, இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யுமாகப் பிறக்கும் ஆண்களும், ஒரே எக்ஸுடன் பிறக்கும் பெண்களும் உளர்.

இதனால் ஆண், பெண் என்னும் இருபாலே இல்லையெனக் கூறுவோர் உளர். அது பொருந்தாது. கருவுறுதல் ஆணின் விந்தணுவும் பெண்ணின் முட்டையணுவும் கூடியே நிகழ்கிறது. மூன்றாவதோர் அணு இல்லை. மிகப் பெரும்பாலோர் ஐயத்திற்கிடமின்றி ஆணாகவோ பெண்ணாகவோ பிறக்கின்றனர். ஆனால், எல்லாரும் அவ்வாறே பிறக்கின்றனர் என்று அடித்துக் கூறுவதும் உண்மைக்கு மாறானதே. இரவும் பகலும் உண்டென்பது மெய். இடையே அந்தியும் உண்டென்பது அதனினும் பொய்யன்று.

விளையாட்டரங்கின் வழக்கு

பெண்களுக்கெனத் தனிப்போட்டி வைத்திருப்பது நியாயமே. ஆண்மை ஹார்மோனால் வளர்ந்த தசையோடு, அஃதில்லாத உடல் போட்டியிடுவது சமநிலை ஆகாது. ஆயினும், எல்லைக் கோட்டை எங்கே இடுவது என்பதே வழக்கு. 1960களின் இறுதியிலிருந்து ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் குரோமோசோம் சோதனை நடத்தப்பட்டது. 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களுள் 8 பேர் தேறவில்லை. அவ்வெண்மரில் எழுவர் ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை உடையோர். ஆராய்ந்த பின் எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 1999 இல் அச்சோதனை கைவிடப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின் சாந்திக்கு அந்த நிதானம் காட்டப்படவில்லையே!

2014 இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் இதே காரணத்தால் விலக்கப்பட்டபோது, அவர் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015 இல் அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் ஓடினார். பின்னர் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டன. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை உடையோர்க்கு விலக்கும் அளித்தது. அம்மரபணுவைக் கண்டறிந்தவருள் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேர் என்பவரே, ஒரு மரபணு இருப்பதை மட்டும் கொண்டு ஒருவரின் பாலைத் தீர்மானித்தல் தகாது என மறுத்தெழுதினார். கற்றறிந்தோரே இங்ஙனம் மாறுபடும்போது, தெருத் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறும் நம் துணிச்சலை என்னென்பது!

உடல் வேறு, உள்ளுணர்வு வேறு

நிற்க. மேற்கூறியது உடலின் அமைப்பைப் பற்றியது. பாலின அடையாளம் என்பது வேறு. உடலமைப்பில் எவ்வித ஐயமும் இராது. எனினும், தான் ஆணல்ல, பெண்ணே என்றோ, பெண்ணல்ல, ஆணே என்றோ ஒருவர் ஆழ்ந்து உணர்கிறார். காசிமேட்டு மீன்சந்தையிலும் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவிலும் கடை கேட்டு வரும் திருநங்கையருள் பலரின் வரலாறு இதுவே. உடலமைப்பு மாறிப் பிறந்தோரையும் இவர்களையும் ஒரே கூடையில் இட்டுப் பேசுவதே குழப்பத்தின் முதற்காரணம்.

இவ்வுணர்வின் காரணம் இன்னதென அறிவியல் இன்னும் உறுதியாகக் கண்டறியவில்லை. எல்லாம் வளர்ப்பே எனச் சிலர் ஒரு காலத்தில் கூறினர். கனடாவில் 1965 இல் பிறந்த ஓர் ஆண் குழந்தை, சுன்னத்து சிகிச்சையில் நேர்ந்த விபத்தில் உறுப்பை இழந்தது. ஜான் மணி என்னும் பேராசிரியரின் அறிவுரைப்படி அதனைப் பெண்ணாகவே வளர்த்தனர். அப்பிள்ளையோ அதனை ஒருபோதும் ஏற்கவில்லை; பதினான்கு வயதில் உண்மையறிந்து ஆணாகவே வாழத் தொடங்கினான்; 2004 இல் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டான். வளர்ப்பினால் எதையும் மாற்றிவிடலாம் என்ற கொள்கை அத்துயர வாழ்வின் முன் தகர்ந்தது.

சிறுவர்க்குப் பருவமடைதலைத் தடுக்கும் மருந்து கொடுக்கலாமா என்பதிலும் மருத்துவருலகு பிளவுபட்டு நிற்கிறது. இங்கிலாந்தில் ஹிலாரி காஸ் என்னும் குழந்தை மருத்துவர் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கை, அதற்கான சான்றுகள் வலுவற்றவை எனக் கூறியது. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சில மாறான கருத்தைக் கொண்டிருந்தன. எனவே, அவசரம் ஆபத்து. ஆனால் அடித்து உதைத்து 'மாற்றிவிடலாம்' என்பதும் அறியாமையே. அவ்வகை 'மாற்றுச் சிகிச்சை'யைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 இல் கண்டித்தது. 2022 இல் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில் ஒழுங்கீனம் என அறிவித்தது.

திருச்சபை கூறுவது

கடவுள் மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்று தொடக்கநூல் கற்பிக்கிறது. உடல் நாம் விரும்பியவாறு கழற்றி மாட்டும் சட்டையன்று, அது கொடை. ஆகவே, பால் வேறுபாட்டையே மறுக்கும் கொள்கையைத் திருச்சபை ஏற்பதில்லை. 2024 ஏப்ரலில் விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட 'திக்னித்தாஸ் இன்பினித்தா' என்னும் ஏடு, பால்மாற்றச் சிகிச்சை மனித மாண்புக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என எச்சரித்தது. அதே ஏடு, பிறவியிலேயே தெரியும் அல்லது பின்னர் வெளிப்படும் பாலுறுப்புக் குறைபாடுகளுக்கு மருத்துவ உதவி பெறுவது இதில் அடங்காது எனவும் தெளிவுபடுத்தியது. இவ்வேறுபாட்டை நம்மவர் பலர் கவனிப்பதில்லை.

கொள்கையை மறுப்பது ஒன்று. ஆளை மறுப்பது வேறொன்று. 2023 இல் அதே துறை, திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலுடன், திருநங்கையரும் திருநம்பியரும் மற்ற விசுவாசிகளுக்குரிய அதே நிபந்தனைகளின்படி, இடறலுக்கு இடமில்லாதபோது, திருமுழுக்குப் பெறலாம் என விடையளித்தது. தாயின் வயிற்றிலிருந்தே அவ்வாறு பிறந்தோரும் உண்டென ஆண்டவர் இயேசுவே மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார், கேலிக்காக அன்று. ஆலயத்தில் இடமில்லையென ஒதுக்கப்பட்ட அண்ணகருக்குப் புதல்வர் புதல்வியரினும் மேலான பெயரை வாக்களிக்கிறார் ஆண்டவர், எசாயாவின் வாயிலாக. திருத்தூதர் பணிகள் நூலில் பிலிப்பு வழியில் கண்ட எத்தியோப்பிய அண்ணகருக்குத் தாமதமின்றித் திருமுழுக்கு அளிக்கிறார்.

நம் தமிழும் இதில் தாழ்ந்ததன்று. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொல்லைத் தொல்காப்பியர் அஃறிணையில் தள்ளவில்லை, உயர்திணையிலேயே வைத்தார். இலக்கணத்தில் கிடைத்த அவ்விடம் நம் இல்லங்களில் கிடைத்ததா?

நாம் செய்யத் தக்கவை

பிறந்த குழந்தையின் பால் தெளிவாகத் தெரியாவிடில், பெற்றோர் ஒளிக்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடமும் ஹார்மோன் மருத்துவரிடமும் காட்டுவதே முதற்கடமை. அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டில் சில குழந்தைகள் உடலின் உப்பை இழந்து, முதல் சில வாரங்களிலேயே உயிரிழக்கக்கூடும். மானத்திற்கு அஞ்சி வீட்டில் மறைத்தால் மாத்திரையால் பிழைக்க வேண்டிய பிள்ளை மடிந்துவிடும்.

உயிருக்கு ஆபத்தில்லாதபோது, ஊர் வாயை அடைப்பதற்காக அறுவைச் சிகிச்சைக்கு விரைய வேண்டாம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பையொட்டி, அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, இத்தகைய குழந்தைகளுக்குச் செய்யப்படும் அவசியமற்ற பால் அறுவைச் சிகிச்சையைத் தடைசெய்தது. இந்தியாவிலேயே இத்தகைய தடை முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான். பிள்ளை வளர்ந்து தானே கூறும்வரை காத்திருத்தல் அன்பின் செயலாகும்.

அக்குழந்தைக்குத் திருமுழுக்கைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்கு அளித்தவர், இடம், நாள். அவ்வரிசையில் பால் என்னும் சொல்லே இல்லை. ஆண்டவர் கேட்காத கேள்விக்காக அருளடையாளத்தை நாம் தாமதப்படுத்துவானேன்?

பதினைந்து, பதினாறு வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணை மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்லாதீர். மறைத்துத் திருமணமும் செய்து வைக்காதீர். மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை பெற இயலாத பெண்ணும் முழுமையான மனித ஆள். அவளைக் கட்டிக்கொடுத்துக் கைகழுவினால், இரு குடும்பங்கள் அழும்.

இறுதியாக, "நான் மற்றவரைப்போல் இல்லை" என்று உங்கள் மகனோ மகளோ நடுங்கிக்கொண்டு கூறினால், அந்த நடுக்கத்தை முதலில் கவனியுங்கள். உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். உடனே விரட்டவும் வேண்டாம். கேளுங்கள், காத்திருங்கள், நல்ல மனநல மருத்துவரின் துணையை நாடுங்கள், செபியுங்கள். இரயிலேறி வேற்றூர் சென்று, கையேந்தியும் உடலை விற்றும் வாழ நேர்ந்த எத்தனையோ பேர், முதலில் துரத்தப்பட்டது தெருவிலிருந்தன்று, தந்தையின் வீட்டிலிருந்தே. 2011 மக்கள் தொகைக் கணக்கில் ஆண், பெண் என்ற இரண்டிலும் சேராமல் 'பிறர்' எனப் பதிவானோர் இந்தியாவில் 4,87,803 பேர். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர், இவன் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம் காரணம் என்று வினவினர். ஆண்டவர் அவனையும் பழிக்கவில்லை, பெற்றோரையும் பழிக்கவில்லை. கடவுளின் செயல் அவனிடத்தில் வெளிப்பட வேண்டுமென்றார். பிறகு குனிந்து, மண்ணைக் குழைத்து, அவன் கண்ணைத் தொட்டார். விளக்கம் கேட்டு நின்ற சீடரின் இடத்திலா, தொட்டுத் தூக்கிய ஆண்டவரின் பக்கத்திலா, நம் குடும்பங்கள் எங்கே நிற்கப் போகின்றன?