நம் ஊர் எழுத்தாளரும் நம் ஊராட்சியும்

கிராம அபிவிருத்தி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன சாலையும், குடிநீரும், பள்ளிக் கட்டடமும், தெருவிளக்கும் ஆகும். இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் ஊர் தன்னைத் தானே அறிந்துகொள்வதும் அபிவிருத்தியின் ஒரு பகுதியே என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் முன்னோர் எவ்வாறு உழுதனர், எவ்வாறு நீர் இறைத்தனர், எதன் பொருட்டு வழக்காடினர், பஞ்ச காலத்தில் எதனை உண்டு உயிர் தாங்கினர் என்பவற்றைச் சர்க்கார் பதிவேடுகள் சொல்வதில்லை. சிட்டாவும் அடங்கலும் நிலத்தின் அளவையும் விளைவையும் சொல்லும். அந்நிலத்தில் வாழ்ந்த மனிதரின் மனத்தை எழுத்தாளரே சொல்ல வல்லார். அத்தகைய எழுத்தாளரை ஈன்ற ஊர்கள் அவர்களை அறிந்திருக்கின்றனவா? இனி எழுத முன்வருவோருக்கு ஓர் ஊராட்சி என்ன உதவி செய்யலாம்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் வட்டாரத்தின் செல்வம்

மூலனூர் வட்டாரத்தை வெளியூரார் முருங்கைக்காகவும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பருத்தி ஏலத்திற்காகவும் அறிவர். மழை குறைந்த இம்மேட்டு நிலத்தில் கொறங்காடுகளும், கிளுவை வேலிகளும், ஆட்டுப்பட்டிகளுமே கண்ணுக்குத் தோன்றும். இலக்கியமும் இங்கே விளையும் என்று எவரும் எளிதில் எண்ணார். உண்மை வேறு.

தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் 1917-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அவர் எழுதிய ‘நாகம்மாள்’ என்னும் நாவல் 1942-இல் வெளிவந்தது. கணவனை இழந்த ஒரு குடியானவப் பெண், குடும்ப நிலத்தில் தனக்குரிய பங்கைக் கேட்கிறாள். அதனால் விளையும் பகையே கதை. கொங்கு நாட்டுக் குடியானவர் தம் வீட்டிலும் தோட்டத்திலும் பேசும் பேச்சு அந்நாவலில் ஏறியது. வட்டார நாவல் என்னும் வகைக்குத் தமிழில் அதுவே முன்னோடி என்று அறிஞர் போற்றுகின்றனர். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமாயிற்று. அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்னரே நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு பெண்ணின் குரலை நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர், தமது 25-ஆம் வயதளவில், எழுத்தில் நிறுத்தினார் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. ‘பூவும் பிஞ்சும்’, ‘அறுவடை’, ‘சட்டி சுட்டது’ முதலிய நாவல்களையும் அளித்து 1977-இல் அவர் மறைந்தார்.

மூலனூரை அடுத்துள்ள கன்னிவாடிப் பேரூரில் தோன்றியவர் க. சீ. சிவகுமார். தம் ஊரின் பெயரையே ஒரு சிறுகதைத் தொகுதிக்குச் சூட்டியவர் அவர். ‘ஆதிமங்கலத்து விசேஷங்கள்’ என்னும் நூலில் கிராமத்து மனிதரின் குறும்பையும் வறுமையையும் சிரிப்பு மாறாமல் எழுதினார். ஐம்பது வயதை எட்டுமுன்னரே 2017-இல் அவர் காலமானது நமக்குப் பேரிழப்பாகும்.

நம் இளைஞர் வேலை தேடிச் செல்லும் திருப்பூரும் எழுத்தில் பதிவாகியுள்ளது. சாயக்கழிவால் நீரும் வாழ்வும் கெட்டதைச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’யில் எழுதினார். பனியன் தொழிலில் முன்னேறத் துடிக்கும் இளைஞரின் கதையை எம். கோபாலகிருஷ்ணன் ‘மணல் கடிகை’யில் எழுதினார். ஊர்களில் சவரத் தொழில் செய்து வாழ்ந்த குடிநாவிதரின் வாழ்வைச் சொன்ன தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ என்னும் நாவலுக்கு 2023-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. தமிழின் முதற் கலைக்களஞ்சியத்திற்குத் தலைமைப் பதிப்பாசிரியராய் இருந்த பெ. தூரனும் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசு என்னும் சிற்றூரில் பிறந்தவரே. அக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது.

இத்துணைச் செல்வம் இருந்தும், இந்நூல்களுள் எத்தனை நம் ஊராட்சி நூலகங்களின் அலமாரியில் உள்ளன என்று ஒவ்வோர் உறுப்பினரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.

எழுதாதது அழிந்துபோம்

கனடா நாட்டைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், 1960-களின் நடுவில் காங்கயத்துப் பக்கமுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்தார். அண்ணன்மார் கதை அங்கே உடுக்கடித்துப் பாடப்படுவதைக் கேட்டு, 18 இரவுகள் நடந்த அப்பாடலை 1965-இல் ஒலிப்பதிவு செய்தார். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாய் வந்த ஒரு பெருங்காவியம் அதனால் உலகத்தார் படிக்கும் பொருளாயிற்று. கடல் கடந்து வந்த ஒருவர் அதன் அருமையை உணர்ந்தார். ஊரில் உள்ள நாம் அதனை உணர்ந்து போற்ற வேண்டாமா?

கவலை இறைத்த காலத்தில் சால், தும்பி, வடக்கயிறு, வால்கயிறு என்று ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு பெயர் இருந்தது. மின்சார இறைவை வந்தபின் அக்கருவிகள் மறைந்தன. பெயர்களும் உடன் மறைகின்றன. இட்டேரி, கட்டுத்தரை, பண்ணையம் முதலிய சொற்களை நகரில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் அறியார். ஒரு சொல் போகும்போது அதனோடு ஓர் அனுபவ அறிவும் போகின்றது. கொறங்காட்டில் எம்மாதத்தில் எப்புல்லை ஆடு விரும்பும் என்பதை அறிந்த முதியவர் மறைந்தால், அவ்வறிவை மீண்டும் எங்கே பெறுவது?

இக்குறையை உணர்ந்து செயலாற்றியோர் உண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் விவசாயியாய் வாழ்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதியாக வெளியிட்டார். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத அவர் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் ஆனார். 1991-இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றார். கொங்கு வட்டாரச் சொற்களைப் பெருமாள்முருகன் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் அகராதியாக்கினார். எழுதுவதற்குப் பட்டம் இன்றியமையாததன்று. தன் ஊரை உற்று நோக்கும் கண்ணும், பேச்சைக் கேட்கும் செவியுமே வேண்டும் என்பதற்குக் கி. ராஜநாராயணன் வாழ்வே சான்று.

உண்மையைப் பொறுக்கும் மனம்

எழுத்தாளரைப் போற்றுவது என்றால் அவர் நம்மைப் புகழ்ந்து எழுதும்போது மட்டும் போற்றுவதன்று. ‘நாகம்மாள்’ ஊரின் பெருமையைப் பாடவில்லை. பங்காளிச் சண்டையைச் சொல்கிறது. ‘சாயத்திரை’ தொழிலின் கேட்டைச் சொல்கிறது. நோயைச் சொல்லும் வைத்தியரை நாம் பகைவர் என்று கருதுவதில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு மூண்டபோது, தாம் இனி எழுதப் போவதில்லை என்று அவர் 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்நூலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளி, எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்ற கருத்துடன் தீர்ப்பளித்தது. அவரும் எழுதலானார். விரும்பாத நூலைப் படிக்காமல் வைத்துவிடலாம். மறுத்து இன்னொரு நூல் எழுதலாம். எழுதியவரை ஊர்க்கூட்டம் கூட்டி மிரட்டுதல் ஆகாது. ஊரில் தமக்குள்ள மதிப்பைக் கொண்டு அவருக்குத் துணை நிற்பது ஊராட்சி உறுப்பினரின் கடமை. இத்துணை இல்லாத ஊரில் இளையோர் பேனாவை எடுக்கவே அஞ்சுவர்.

ஊராட்சி செய்யத்தக்கவை

சர்க்கார் விருதுகளும் பரிசுகளும் வழங்கி வருகின்றது. ஆனால் விருது என்பது காய்த்த மரத்திற்குச் செய்யும் சிறப்பு. நாற்றங்காலுக்கு நீர் விடுவது ஊரின் வேலை. அதற்குப் பெரும்பணம் தேவையில்லை.

முதலாவது, நூலகம். திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராய் இருந்தபோது, 1948-இல் பொதுநூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் அதுவே. அதன் பயனாகவே வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் நன்கு நடப்பனவும் உண்டு; பூட்டிக் கிடப்பனவும், சாமான் அறைகளாய்ப் போனவையும் உண்டு. பூட்டு முதலில் திறக்கப்பட வேண்டும். மாலை வேளையில் இரண்டு மணி நேரமேனும், பொறுப்புள்ள ஒருவர் மேற்பார்வையில், அது திறந்திருத்தல் நலம். அதில் ஓர் அலமாரியை ‘நம் வட்டார எழுத்தாளர்’ என்று பெயரிட்டு ஒதுக்கலாம்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு நாள். நவம்பர் 1 உள்ளாட்சி நாளாகக் கொண்டாடப்பட்டுக் கிராமசபையும் கூடுகின்றது. அதனையொட்டி ஒரு மாலைப்பொழுதை எழுத்தாளர் நாளாகக் கொள்ளலாம். பொன்னாடையோடு நிறுத்திவிடாமல், அவர் நூலிலிருந்து சில பக்கங்களைப் பள்ளி மாணவர் உரக்கப் படிக்கச் செய்யவேண்டும். எழுதியவருக்கு அதனினும் உயர்ந்த மரியாதை இல்லை. படிக்கத் தெரியாத முதியோரும் அன்று கேட்டு மகிழ்வர். “இப்படித்தான் நடந்தது” என்றோ, “இப்படி நடக்கவில்லை” என்றோ சொல்வர். அவ்வுரையாடலே அடுத்த நூலுக்கு வித்தாகும்.

மூன்றாவது, கையெழுத்துப் பத்திரிகை. முற்காலத்தில் இளைஞர் சங்கங்கள் இதனை நடத்தின. மாதம் ஒரு முறை எழுதுவோர் நூலகத்தில் கூடி, தாம் எழுதியதைப் படித்து, குறை நிறைகளை மனந்திறந்து பேசலாம். நல்லனவற்றைத் தெளிவான கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வைக்கலாம். தமிழாசிரியர் ஒருவர் பிழை திருத்தி உதவினால் போதும்.

நான்காவது, முதியோரின் மொழியைப் பதிவு செய்தல். இன்று வீடுதோறும் கைப்பேசி உள்ளது. கும்மியும், தாலாட்டும், ஒப்பாரியும், விவசாயச் சொற்களும், பழைய ஊர்க்கதைகளும் அதிற் பதிவாகட்டும். பாடுவோரின் இசைவைப் பெற்று, பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். ஏனெனில் இப்பாடல்களுட் பல பெண்களிடமே வாழ்கின்றன. எழுதும் ஆர்வமிருந்தும் வீட்டு வேலைக்கிடையே நேரமும் இடமும் கிட்டாத பெண்கள் பலர். அவர்கள் தயக்கமின்றி வந்து அமர ஏற்றதாக நூலகம் விளங்க வேண்டும்.

இவற்றிற்கு ஊராட்சியின் பணத்தைச் செலவிடுவதாயின், விதிகளுக்குட்பட்டு முறையாகத் தீர்மானம் நிறைவேற்றிச் செய்தல் வேண்டும்.

எழுத விரும்புவோர் அறியவேண்டியவை

நாம் அறிந்ததை, நாம் பேசும் மொழியின் உயிரோடு எழுதுவதே நன்று. பஞ்சு விலை, கூலி, கிணற்றுப் பங்கு, விடியலில் கம்பெனி வேனுக்கு ஓடும் பெண் என நம்மைச் சுற்றியுள்ள எதுவும் எழுத்துக்கு ஏற்ற பொருளே. நிறையப் படிக்காமல் எழுத வருவது உழாமல் விதைப்பதற்கு ஒப்பாகும்.

எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தால் சோர்தல் கூடாது. நூலாக்க விரும்புவோர், பெருந்தொகை கேட்கும் எவரிடமும் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடலாகாது. இக்காலத்தில் சில பிரதிகளை மட்டும் அச்சிடும் வசதியும் உண்டு. நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண் இந்தியாவில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே அந்த எழுத்தின் உரிமை எழுதியவரைச் சேரும். பதிவு செய்யாவிடினும் உரிமை உண்டு. அவர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது வாரிசுகளுக்குரியது. நிலப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடாத நாம், பதிப்பாளரின் ஒப்பந்தத்தையும் படித்துணர்ந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். நூல் வெளியிட நிதியுதவி அளிக்கும் திட்டம் தமிழ் வளர்ச்சித் துறையில் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளருக்கு அவர்களுக்கான நலத்துறையும் உதவுகின்றது. விண்ணப்பிக்கும் காலத்தை அறிந்து சொல்வதும் படிவம் நிரப்ப உதவுவதும் ஊராட்சி அலுவலகத்தாரால் எளிதில் இயலும்.

முடிவாக, ஒன்று கூற விரும்புகிறோம். நல்ல விளைச்சலில் முற்றிய கதிரைப் பொறுக்கி, அடுத்த பட்டத்திற்கென விதைக்கு எடுத்துவைப்பது குடியானவர் வழக்கம். அன்றைய பசிக்கு அது உதவாது. எனினும் அதனைச் செய்யாத குடும்பம் மறு ஆண்டில் பிறரிடம் கையேந்தி நிற்கும். எழுத்தும் அத்தகைய விதையே. நம் வட்டாரத்தில் எங்கோ ஒரு வீட்டில், நோட்டுப் புத்தகத்தில் எழுதி யாரிடமும் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும் ஒரு பையனோ பெண்ணோ இருக்கக்கூடும். அவர்கள் துணிந்து வந்து அமர்வதற்கு நூலகத்தில் ஒரு பெஞ்சும், படித்துக் கேட்க நான்கு பேரும் வேண்டும். இவ்விரண்டையும் ஏற்படுத்தித் தருவது எந்த ஊராட்சிக்கும் இயலும். அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே உறுப்பினர்கள் இதனைப் பேச எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.