கொற்கையும் காயலும்: கையில் இரண்டாயிரம் ரூபாயோடு ஒரு துறைமுகப் பயணம்

"அலெக்சாந்திரியா போயிட்டு வர எவ்வளவுண்ணே ஆகும்?"

எரியோட்டில் ஒரு நாள் இஷா முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கைபேசியில் மத்திய தரைக்கடல் நீலமாக விரிந்து கிடந்தது. கரையில் ஒரு கோட்டை, அதன் பின்னால் மினாராக்கள். பார்க்கும் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அவரிடம் கணக்கைச் சொன்னோம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் 1,500 ரூபாய். அதன் பிறகு விசா, வளைகுடா வழியாக மாறிப் போகும் விமான டிக்கெட், தங்குமிடம், அங்கே வெளிநாட்டவருக்குத் தனியாக வைத்திருக்கும் நுழைவுக் கட்டணங்கள். எவ்வளவு சிக்கனமாகப் போனாலும் ஆலைத் தொழிலாளி ஒருவரின் பல மாதச் சம்பளம் கரைந்துவிடும். தம்பியின் முகம் வாடியது.

அவருக்கு ஒன்றை நினைவூட்டினோம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதே அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு தாலமி என்ற அறிஞர் உலகத்தின் ஊர்களையெல்லாம் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலில் 'கொல்கோய்' என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது நம்முடைய கொற்கை. மத்திய தரைக்கடல் கரையில் இருந்தவருக்குத் தெரிந்த அந்தத் துறைமுகம், திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் ஒரு பகல் பயணத் தூரத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

அலெக்சாந்திரியாவுக்குப் பணம் சேரும்போது சேரட்டும், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் நம் கையில் இருக்கும் பணத்துக்கு நம்முடைய துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வருவோம். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மூன்று ஊர்கள், ஒரே துறைமுகம்

தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்தது கொற்கை. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றை ஆய்வு செய்ததில், அதன் காலம் கி.மு. 785 என்று தெரிந்தது. ஆனால் இன்று கொற்கைக்குப் போனால் கடலைப் பார்க்க முடியாது. வாழைத் தோட்டமும் வயலும்தான் கண்ணில் படும். ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கி, கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. துறைமுகத்தைத் தேடிக் கப்பல்களும் கிழக்கே நகர்ந்தன. அப்படி எழுந்ததுதான் காயல்.

1290களில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, காயலை ஒரு பெரிய நகரம் என்கிறார். ஹுர்முஸ், ஏதன் முதலான மேற்குத் துறைமுகங்களிலிருந்து குதிரைகளையும் மற்றச் சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் நிற்கும் என்கிறார். அவர் சொன்ன காயல் பழையகாயல்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே ஆய்வு செய்து எழுதினார். காயல்பட்டினம்தான் என்று சொல்வோரும் உண்டு. பழையகாயலும் தூர்ந்துபோன பிறகு நிலைத்து நின்றது காயல்பட்டினம். பின்னாளில் போர்த்துகீசியர் வந்து முத்துக்குளித்துறையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பெரிய கப்பல் வணிகம் தூத்துக்குடிக்குப் போனது.

எரியோட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு கணக்கைத் தருகிறார். மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டல, பாண்டியக் கரைக்கும் கம்பாயத்து முதலான துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்து இறங்கின. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டது. பாண்டியர் அவையில் இந்தத் துறைமுகங்களின் பொறுப்பைப் பார்த்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் அமைச்சர். காயலும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

வந்து இறங்கிய குதிரைகள் கடற்கரையிலேயே நின்றுவிடவில்லை. மதுரைக்கும் உள்நாட்டுக்கும் போயின. குதிரைகளைப் பழக்கவும் பராமரிக்கவும் தெரிந்தவர்கள் இங்கே போதாததால் அவை சீக்கிரமே செத்துப்போயின என்று மார்கோ போலோ எழுதுகிறார். அப்படிப்பட்ட நாட்டில் குதிரை தெரிந்தவனுக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கம் நம்மில் பலர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் 'ராவுத்தர்' என்ற சொல்லுக்குக் குதிரை வீரர் என்றுதான் பொருள். கடலையே பார்க்காமல் வளர்ந்த நமக்கும் அந்தக் கடற்கரைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு காயல்பட்டினத்தில் இறங்கினால் சின்னச் சின்ன வித்தியாசங்களும் கண்ணில் படும். நம் பக்கம் பெரும்பாலோர் ஹனஃபி, அங்கே ஷாஃபி. சுப்ஹில் குனூத் ஓதுவார்கள். அஸர் நேரம் நம்மூரைவிட முன்னதாகவே தொடங்கிவிடும். ஜமாஅத்தைத் தவறவிடாமல் இருக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் 'அத்தா' என்பவரை அவர்கள் 'வாப்பா' என்பார்கள். நம்முடைய 'அண்ணன்' அங்கே 'காக்கா'. கடல்வழியே வந்த அரபு வணிகர்களின் தொடர்பால் தென்கரையில் ஷாஃபி மத்ஹபு பரவியது. தரைவழித் தொடர்புகளால் உள்நாட்டில் ஹனஃபி பரவியது. ஒரு ரயில் பயணத்திலேயே இந்த இரண்டு வழிகளையும் நம்மால் கடந்துவிட முடிகிறது.

செலவும் வழியும்

எரியோட்டிலிருந்து பஸ்ஸில் திண்டுக்கல் வந்துவிட்டால், பழனி வழியாக வரும் பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் இருக்கிறது. பகல் நேர வண்டி. மதுரை, திருநெல்வேலி வழியாகப் போகும். ஏறத்தாழ 280 கிலோமீட்டருக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் 100 ரூபாயை ஒட்டித்தான் கட்டணம். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூரில் இறங்கினாலும் கவலையில்லை. தூத்துக்குடி போகும் பஸ்ஸில் சில நிமிடங்களில் காயல்பட்டினம் வந்துவிடும். கட்டணமில்லா நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அந்தச் செலவும் இல்லை. பயணத் தூரத்தைப் பொறுத்தவரை கஸ்ர் தொழுகைக்கும் இடமுண்டு.

தங்குவதற்குத் திருச்செந்தூரில் விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் கோயில் விழா நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் அறை கிடைப்பது சிரமம், வாடகையும் ஏறிவிடும். வார நாட்களில் போவதே நல்லது. மூன்று நான்கு பேராகப் போய் அறையைப் பகிர்ந்துகொண்டால், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு நாளுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

முதல் நாள் பிற்பகலையும் மாலையையும் காயல்பட்டினத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் காலையில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிப் பழையகாயலைப் பார்த்துவிட்டு, ஏரல் பக்கம் திரும்பிக் கொற்கைக்குப் போகலாம். கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நாணயம் அடிக்கும் இடத்துக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் அது. பிறகு ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திருநெல்வேலி திரும்பும்போது ஆதிச்சநல்லூரில் இறங்குங்கள். முதுமக்கள் தாழிகள் புதைந்திருந்த குழிகளைக் கண்ணாடி வழியாக அப்படியே பார்க்கும்படி அங்கே அமைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு எந்த நாள் விடுமுறை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் திருநெல்வேலியிலிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் விடியும் முன் திண்டுக்கல்.

காயல்பட்டினத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் குத்பா பெரிய பள்ளி. கல் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும் உள்மண்டபம். குவிமாடமும் வளைவுகளும்தான் பள்ளிவாசல் என்று பழகிய கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். இந்த மண்ணின் கல்தச்சர்கள் தமக்குத் தெரிந்த முறையில் கட்டியது. உருவங்கள் இருக்காது, பூவும் கொடியும் வடிவங்களும் மட்டுமே தூண்களில் இருக்கும். பழைய பள்ளிகளை ஒட்டிய மையவாடிகளில் அரபி எழுத்துப் பொறித்த பழைய மீஸான் கற்களைக் காணலாம். பொறுப்பாளர்களிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து மங்கிய கற்களும் உண்டு. எழுத்துகள் அழிய அழிய, அந்த ஊரின் பெயர்ப் பட்டியலும் அழிந்துகொண்டே போகிறது என்பதை அங்கே நின்றால் உணரலாம்.

அறிஞர்களுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. 17ஆம் நூற்றாண்டில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா இந்த ஊர்க்காரர்தான். அரபியில் பைத்துகள் எழுதிய பெருமகன். நபிகள் நாயகத்தின் மீது தமிழில் திருப்புகழ் பாடிய காசிம் புலவரும் இவ்வூரே. தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இங்கே வீட்டுக்குள்ளும், குறிப்பாகப் பெண்களிடத்தில், நீண்ட காலம் புழங்கியது.

மாலையில் கடற்கரைக்கு வாருங்கள். கட்டணம் கிடையாது. அஸருக்குப் பிறகு ஊரே அங்கேதான் இருக்கும். கடைகளில் கேட்டால் தம்மடை கிடைக்கும். ரவையும் முட்டையும் சேர்த்து வேகவைக்கும் இந்த ஊர்ப் பலகாரம்.

விருந்தாளியின் ஒழுக்கம்

இதை அவசியம் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில் வீடுகளுக்குப் பின்னாலும் இடையிலும் குறுகலான சந்துகள் போகும். முடுக்கு என்று அவற்றைச் சொல்வார்கள். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நிம்மதியாகப் போய்வர அவர்களுக்கென்றே ஒதுக்கிய வழி. கல்யாணமான பெண் தாய்வீட்டை ஒட்டியே வாழ்வதும், மாப்பிள்ளை அங்கே வருவதும் இவ்வூர் வழக்கம். ஆகவே இந்த முடுக்குகள் தாயையும் மகளையும் அக்காள் தங்கையையும் சேர்த்துவைக்கும் வழிகள். வெளியூர் ஆண்கள் 'பழமையான சந்து' என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நுழைவது பிழை. வீடுகளையும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள். பள்ளியைப் பார்க்க விரும்பும் பெண்கள் எங்கே அனுமதி உண்டு என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. எரியோட்டில் நம் வீட்டு வாசலுக்கு வந்து யாரோ படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

அலெக்சாந்திரியா அங்கேயும் இருக்கிறது

டீக்கடையில் கேட்ட தம்பிக்கு இன்னொன்றும் சொன்னோம். காயல்பட்டினத்தில் ஜாவியா என்று ஒன்று உண்டு. ஷாதுலிய்யா தரீக்காவினர் கூடும் இடம். அந்த தரீக்காவின் இமாம் அபுல் ஹஸன் ஷாதுலியின் முதன்மைச் சீடர் அபுல் அப்பாஸ் அல்முர்ஸி அடங்கியிருப்பது அலெக்சாந்திரியாவில். அவர் பெயரிலுள்ள பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே, நம் வீடுகளில் ஓதப்படும் புர்தாவைப் பாடிய இமாம் பூஸீரியின் அடக்கத்தலமும் இருக்கிறது. தம்பி கைபேசியில் காட்டிய மினாராக்கள் நிற்பதும் அந்தப் பகுதியில்தான்.

அந்தப் பெரிய துறைமுகத்தையும் நம் சின்னத் துறைமுகத்தையும் முத்தும் குதிரையும் மட்டும் இணைக்கவில்லை. அங்கே அடங்கியிருப்பவர் பாடிய ஒரு பாட்டு கடல் கடந்து இங்கே வந்து, திண்டுக்கல் பக்கத்து வீடுகள் வரை ஒலிக்கிறது. காயலைப் பார்த்துவிட்டு, பிறகு அல்லாஹ் வசதியைக் கொடுத்து அலெக்சாந்திரியா போகிறவருக்கு, அது அந்நிய ஊராக இருக்காது.

தம்பி அடுத்த மாத ஷிப்டு விடுமுறையைக் கேட்டு வைத்திருக்கிறார். உடன் வர மூன்று பேர் தயார்.