கத்தி பட்டா பரவுமா?

கணியம்பாடி பஸ் ஸ்டாப். காலை எட்டேகால். ஒரு கையில் காலேஜ் பேக், இன்னொரு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறவங்களோட டிபன் கேரியர். வேலூர் பஸ் இன்னும் வரலை. டீக்கடை பெஞ்சில் இப்படி ஒரு பேச்சு ஓடினா ஆச்சரியமே இல்லை...

"மாமாவுக்கு நாக்கு ஓரத்துல புண்ணுடா. ரெண்டு மாசமாச்சு, ஆறவே இல்ல. சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு."

"ஐயையோ, வேணவே வேணாம் மச்சி! கத்தி பட்டா பரவிடும்!"

இந்த டயலாக்கை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீங்க. எத்தனையோ பேரை ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்புற வசனம் இது. உண்மை என்னன்னா, வாய்ப்புண்ணில் துவரம்பருப்பு அளவு சதை எடுத்தால் புற்றுநோய் பரவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனா, நோய் எவ்வளவு தூரம் பரவும்னு முன்கூட்டியே துப்புக் கொடுக்கிறதே அந்தச் சின்னத் துண்டுதான்!

லேபுக்குள்ள ஒரு தோல் பேக்டரி

எடுத்த சதையை முதலில் பார்மலினில் போடுவாங்க. அது அழுகாமல் கெட்டிப்படும். புரதங்களை ஒன்றோடு ஒன்று கோத்துக் கட்டிப்போடுற வேலை இது. நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுறதும் அடிப்படையில் இதே டெக்னிக்தான். அப்புறம் மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைப்பாங்க. செல்லின் நடுக்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் ரோஸ் கலரிலும் தெரியும்.

இதைப் பார்த்து 'ஆமாம், இல்லை' சொல்றதோட பேத்தாலஜிஸ்ட் வேலை முடியறதில்லை. 'இது வம்பு பண்ணுமா, பண்ணாதா?' என்பது அடுத்த கேள்வி.

மேட்டர் மில்லிமீட்டரில் இருக்கு!

ஷூ கம்பெனியில் தோல் வந்ததும் கேஜ் வைத்து கனம் பார்ப்பாங்க. 1.2 மி.மீ.யா, 1.4 மி.மீ.யா என்பதில்தான் எல்லாமே இருக்கு. வாய்ப்புற்றிலும் கதை அதேதான். மேலே எவ்வளவு அகலம் என்பதோடு, உள்ளே எத்தனை மி.மீ. இறங்கியிருக்கு என்பதும் முக்கியம். ஆழம் போகப் போக நிணநீர்க் குழாய்கள் கைக்கு எட்டும். அந்த ரூட்டில் புற்றுச் செல்கள் கழுத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேரும். வீட்டில் 'நெறி கட்டியிருக்கு'னு சொல்வாங்களே, அந்த இடம்தான்.

2018-ல் அமலுக்கு வந்த சர்வதேச நிலைப் பட்டியலில் இந்த ஆழமும் சேர்ந்துவிட்டது. புண் 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஆழம் 5 மி.மீ. தாண்டினால் ஒரு படி மேலே.

ஒரு சின்ன 'கண்டிஷன்' உண்டு. முதலில் எடுக்கும் துண்டு அடிமட்டம் வரைக்கும் போயிருக்காது. அதனால ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கேன் உதவி செய்யும். சரியான அளவு, கட்டியை முழுசா எடுத்த பிறகே தெரியும்.

கழுத்தைத் திறக்கணுமா?

இது வெறும் தியரி இல்லை பாஸ். கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படாத, ஆரம்ப நிலை நோயாளி ஒருத்தர் வர்றார். நாக்கில் இருக்கும் புண்ணை மட்டும் எடுத்தால் போதுமா, கழுத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கணுமா? எடுத்தால் பெரிய தழும்பு, தோள்பட்டை வலி. எடுக்காமல் விட்டால், ஒளிஞ்சிருக்கும் நோய் பின்னால் தலைதூக்கலாம்.

பல வருஷமா டாக்டர்கள் முட்டி மோதின இந்தக் கேள்விக்குப் பதில் தந்தது மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை. 2004 முதல் 2014 வரை நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு, 2015-ல் வெளியானது. 500 பேரின் கணக்கு: முதலிலேயே கழுத்தையும் ஆபரேஷன் செய்த குழுவில், மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். நோய் தெரிந்த பிறகு பார்த்துக்கலாம்னு காத்திருந்த குழுவில் 67.5 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம். ஆழம் 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆகும்போது, கழுத்துக்குப் பரவியிருந்தவர்களின் அளவு 5.6 சதவீதத்திலிருந்து 16.9-க்குத் தாவியது. ஒரே ஒரு மில்லிமீட்டர்!

பசை விட்டுப்போச்சுன்னா...

ஆழம் மட்டும்தானா? இல்லை. செல்கள் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு, நாலைந்து பேர் கொண்ட சின்னச் சின்ன கேங்காக முன்னேறுதா? நரம்பைச் சுற்றி ஊர்ந்து போகுதா? இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதுவாங்க. எல்லாமே 'பரவக்கூடிய ஆசாமி' என்பதற்கான அடையாளங்கள்.

செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசை மாதிரி இ-கேட்ஹெரின் என்று ஒரு புரதம் இருக்கு. அது குறைஞ்சால் செல்கள் கழன்று ஊர் சுற்றக் கிளம்பும்.

நம்ம ஊர்ப் பெருமையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கருணாகரன் குழு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. போன்றவற்றோடு சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. நாக்குப் புற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ-155 என்ற குட்டி மூலக்கூறு அளவுக்கு மீறி இருக்கு. புற்றுநோயை அடக்கி வைக்கும் ஒரு புரதத்தை இது அமுக்கிவிடுது. இந்த மூலக்கூறை நீக்கினால் புற்றுச் செல்கள் செத்துப்போனதை லேபில் பார்த்திருக்காங்க.

ஆனால் ஓவரா குஷியாகிட வேண்டாம். இது மாதிரி மூலக்கூறு சமாசாரங்கள் பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சி மேஜையில்தான். இன்றைக்கு டாக்டரை முடிவெடுக்க வைப்பது மைக்ராஸ்கோப்பும் மில்லிமீட்டரும்தான்.

டீக்கடைக்குத் திரும்புவோம்

2022-ல் உலகத்தில் புதுசா வாய்ப்புற்று வந்தவர்கள் சுமார் 3.9 லட்சம் பேர். அதில் 1.4 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். மெயின் காரணம் வேறென்ன... புகையிலை, பாக்கு, மது. குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தும், உதட்டுக்குள் பாக்கெட் ஒளிச்சு வைக்கும் மச்சான்கள் ஒவ்வொரு கிளாஸிலும் ஒருத்தராவது இருக்காங்களே!

கணியம்பாடிக்காரங்களுக்கு ஒரு வசதி. சி.எம்.சி.யின் சமூக நலப் பிரிவு நர்ஸ்கள் இந்த ஒன்றியத்துக் கிராமங்களுக்குப் பல பத்தாண்டுகளாக வந்துபோய்க்கிட்டு இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரியும் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் மாமா அந்த பஸ்ஸில் ஏறணுமே! 'கத்தி பட்டா பரவிடும்'னு ஒருத்தர் சொன்னதை நம்பி அவர் வீட்டிலேயே உட்கார்ந்தால், 3 மி.மீ. 4 ஆகும், 5 ஆகும்.

பரவ வைப்பது கத்தி இல்லை மச்சி, காத்திருப்பு. நாளைக்கு லீவு போட்டாவது மாமாவைக் கூட்டிட்டுப் போ!

கண்ணாடி முன்னால் ரெண்டு நிமிஷம்

மாசம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை:

* கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்குக்கு அடியில்.

* இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.

* மூணு விரலை அடுக்கி உள்ளே விடும் அளவுக்கு வாய் திறக்குதா?

* கழுத்தில் வலி இல்லாத கட்டி.

இதில் ஏதாவது ஒண்ணு 'ராங்'னா, மருந்துக்கடையில் ஜெல் வாங்கித் தடவிக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க. பல் டாக்டர் அல்லது காது மூக்கு தொண்டை டாக்டரை உடனே பாருங்க.