வேகம் கூடினால் ஆழம் காட்ட மறுக்கும் கருவி

மும்பை கேட்வே ஆப் இந்தியா படித்துறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இராது. ஊரிலிருந்து வந்த மாமனாரையும் மச்சினனையும் எலிபெண்டா குகைக்கு அழைத்துப் போகிறவர்கள், மாண்ட்வாவில் இறங்கி அலிபாக் போகிறவர்கள் என்று நம்மவர் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. படகு வேகம் பிடித்ததும் எல்லாரும் கடற்பறவைகளை வேடிக்கை பார்ப்பார்கள். காலுக்கடியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் இந்தத் துறைமுக வாயிலில் பாறைகளுக்குப் பஞ்சமில்லை. கொலாபாவுக்குத் தெற்கே ப்ராங்ஸ் கலங்கரை விளக்கம் 1875-ல் கட்டப்பட்டதே பாறைத் திட்டை எச்சரிக்கத்தான். இன்னொரு விளக்கின் பெயரே சங்க் ராக், அதாவது மூழ்கிய பாறை. 2018 அக்டோபர் 24-ந் தேதி மும்பைக் கடலில் சிவாஜி நினைவிடப் பணி தொடக்கத்துக்குச் சென்ற ஒரு வேகப் படகு பாறையில் மோதி மூழ்கியது. ஒருவர் உயிரிழந்தார்.

ஒலி போய் வரும் கணக்கு

அந்தக் காலத்தில் ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, இத்தனை பாகம் என்று ஆழம் சொன்னார்கள். இன்று அந்த வேலையை எக்கோ சவுண்டர் செய்கிறது. படகின் அடியில் பொருத்திய வட்டு ஒன்று காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது.

நின்ற படகில் ஒழுங்காகச் சொல்லும் இக்கருவி, வேகம் கூடினால் பல படகுகளில் தடுமாறுகிறது. எண் அழிகிறது. அல்லது 12 மீட்டர் ஆழத்தில் 1 மீட்டர் என்று பயமுறுத்துகிறது. ஓடும் மெயிலிலிருந்து சிறிய ஸ்டேஷனின் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாதது போல, ஒலி திரும்புவதற்குள் படகு தாண்டிப் போய்விடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். அதற்குள் 20 நாட் வேகப் படகு நகர்வது ஒரு சாண் தூரம்தான்!

குற்றவாளி காற்று

வேகமாக ஓடும் படகின் அடியில் தண்ணீர் நுரைத்துப் போகிறது. காற்றுக் குமிழிகள் வட்டின் முகத்தை மூடிக்கொள்கின்றன. ஒலிக்குக் காற்றுக் குமிழி சுவர் மாதிரி. பாதி அங்கேயே சிதறிவிடும். கருவியை மாற்றி, பெரிய கருவி வாங்கி, அதுவும் தடுமாறிப் பணத்தை இழப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வட்டு பொருத்திய இடத்தைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. படகைத் துறையிலேயே கட்டி வைத்து, கியர் போடாமல் எஞ்சினை வேகமாக ஓட விடுங்கள். அப்போதும் எண் தடுமாறினால் மின்சாரக் கோளாறு. வட்டின் வயர் எஞ்சின் வயர்களோடு சேர்ந்து போகிறதா என்று பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். அங்கே ஒழுங்காக இருந்து, ஓடும்போது மட்டும் தடுமாறினால் குமிழிதான் காரணம்.

வெளியே எஞ்சின் மாட்டும் வேகப் படகில், பின்பலகையில் வட்டைப் பொருத்துவது வழக்கம். அதற்கு முன்னால் படகின் அடியில் ஆணி மண்டையோ, நீளவாக்கு வரம்போ, தண்ணீர்த் துவாரமோ இருக்கக் கூடாது. அவற்றிலிருந்துதான் நுரை கிளம்பும். புரொப்பெல்லருக்கு நெருக்கமாகவும் கூடாது. பின்னால் நின்று பார்க்கக் கடிகார முள் திசையில் சுழலும் புரொப்பெல்லர் என்றால் வலப்பக்கம் நல்லது. வட்டின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் நுரையில் மாட்டும். அதிகம் இறங்கினால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். ஒரே நாளில் சரியாக அமைவது அபூர்வம். கொஞ்சம் நகர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

ஃபைபர் படகில், அடிப்பலகை உள்ளே நுரை அடைக்காத கெட்டியான ஃபைபராக இருந்தால், வட்டை உள்பக்கமே ஒட்டிவிடலாம். பசையில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. மரப் படகுக்கு இது பலிக்காது.

பழைய எண்ணின் ஆபத்து

எண் மறைவதைவிட மோசமான ஒன்று உண்டு. தரையைத் தொலைத்த சில கருவிகள் கடைசியாகக் கிடைத்த எண்ணையே மினுக்கிக் கொண்டிருக்கும். அது மினுக்குகிறதா என்று கவனிக்காதவர் பழைய ஆழத்தை நம்பி ஓட்டுகிறார். எண் சரியாகவே இருந்தாலும் அது நேர் கீழே உள்ள ஆழம்தான். முன்னால் நிற்கும் பாறையைச் சொல்லாது. 20 நாட் வேகத்தில், எண்ணைப் பார்த்து எஞ்சினைக் குறைக்க 2 விநாடி ஆனால் படகு 20 மீட்டர் போயிருக்கும். தெரியாத தண்ணீரில் வரைபடத்தையும், நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் மும்பை ஓதத்தையும் பார்த்து, முன்னதாகவே வேகத்தைக் குறைப்பதே வழி.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கரையேற்றிய படகின் அடியைச் சுரண்டும்போது வட்டின் முகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் மெதுவாகச் சுத்தம் செய்யலாம். மறுபடி கடலில் இறக்கிய அன்று, நின்ற படகில் குண்டுக் கயிற்றை இறக்கி, அது காட்டும் ஆழமும் கருவி காட்டும் எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.