தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



லீவு நாள் என்றால் நமக்கு என்ன? லேட்டாக எழுந்திருப்பது, துணி துவைப்பது, மதியம் கிரிக்கெட், ராத்திரி ரெக்கார்ட் நோட்டு. கடலுக்கு நடுவே ஒரு தீவில் உட்கார்ந்திருக்கும் ‘ஹாம்’ ரேடியோக்காரருக்கு லீவு நாள் எப்படிப் போகும் தெரியுமா? அன்றைக்குத்தான் அவருக்கு வேலையே அதிகம்!

ஹாம் ரேடியோ என்பது அமெச்சூர் வானொலி. மத்திய அரசின் தேர்வு எழுதி, லைசென்சும் ‘கால் சைன்’ என்கிற அழைப்புக் குறியும் வாங்கிக்கொண்டு, நாடு விட்டு நாடு பேசுவது. இதில் வியாபாரம் பேசக்கூடாது, காசு வாங்கக்கூடாது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த விஷயத்தை அப்பாவிடம் சொன்னதும், “சம்பளம் இல்லாத வேலைக்கு எதுக்குப்பா பரீட்சை?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்தமானில் இருக்கிறது.

எத்தனை நாடுகளோடு, எத்தனை தீவுகளோடு பேசினோம் என்று ஹாம்கள் கணக்கு வைப்பார்கள். ஹாம்களே இல்லாத தீவு என்றால் அதற்கு மவுசு அதிகம். அதனால் சில பேர் ரேடியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உலகமே வீட்டில் இருக்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் அந்தத் தீவைக் கூப்பிடுவார்கள். இதற்குப் பெயர் ‘பைல்-அப்’. அந்தச் சந்தைக்கடை இரைச்சலில் ஒரு குரலைப் பிடித்து, பதில் சொல்லி, லாக் புத்தகத்தில் எழுதி, அடுத்த ஆளுக்குப் போக வேண்டும்.

சரி, சிக்னல் எப்படிப் போகிறது? போர்ட் பிளேரிலிருந்து சென்னை சுமார் 1,350 கி.மீ. பூமி உருண்டை என்பதால் நேராகப் போகும் அலை வானத்தில்தான் போய் முடியும். ஆனால் சூரியக் கதிர்கள் மேலே உள்ள வாயுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து, அயனி மண்டலத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. 250 முதல் 400 கி.மீ. உயரத்தில் உள்ள அதன் மேலடுக்கு, சிற்றலையை வளைத்துத் திரும்பவும் பூமிக்கே அனுப்பிவிடுகிறது.

ஆன்டெனா பெரிய சமாச்சாரம் இல்லை. 14.2 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 300 ÷ 14.2, அதாவது சுமார் 21 மீட்டர். அதில் பாதி, சுமார் 10 மீட்டர் காப்பர் வயரை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்தால் டைபோல் ரெடி! கரண்ட் இல்லையா? 12 வோல்ட் கார் பேட்டரி போதும். நடுவில் டவர் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பரில், ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்தது. (2024-ல் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது.) அந்தமானிலிருந்து ஹாம்கள் பேசுவதற்குப் பல வருடங்கள் கழித்துக் கிடைத்த அனுமதி அது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். காலை சுமார் 6.29-க்கு சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 9.1 அளவுக்குப் பூகம்பம். பின்னாலேயே சுனாமி!

தீவுகளில் டெலிபோன் செத்துப்போனது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த ரேடியோ, அந்த நிமிடமே அவசர நிலையமாக மாறியது. கார் நிகோபாருக்கும் ஆட்கள் ரேடியோவோடு போனார்கள். ‘நாங்கள் உயிரோடு இருக்கிறோம்’ என்ற சேதி ஒவ்வொன்றாகக் கடல் தாண்டி வந்தது. இங்கே இருந்த ஹாம்கள் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்குத் தெரிவித்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

நண்பர்களே! அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அன்று கதவருகே காத்திருந்த ஒரு தாயை என்னால் நினைத்துப்பார்க்க முடிகிறது. அந்தச் சேதிக்கு என்ன விலை போடுவது? ‘எதுக்குப்பா பரீட்சை’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

12 வயது முடிந்த எவரும் இந்தத் தேர்வு எழுதலாம். ஓம் விதி, டிரான்சிஸ்டர், ஆன்டெனா, மாடுலேஷன் என்று நாம் செமஸ்டருக்குப் படிப்பதுதான் அதிலும் வருகிறது. மார்க்குக்காகப் படித்ததை மனுஷனுக்காகவும் படித்து வைப்போமே!