சடையும் கண்ணாடியும்

பூப்பெய்திய பெண்ணுக்குப் பூச்சடை தைத்து ஒளிப்பட நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. பெண் நம்மை நோக்கி நிற்பாள். பின்னே நிலைக்கண்ணாடி ஒன்றைச் சற்றே சாய்த்து வைப்பர். முகமும் சடையும் ஒரே படத்தில் அமைந்துவிடும். ஒரு நாளில் வாடும் பூவைத் தலைமுறைகளுக்கு நிறுத்திவைத்த உத்தி அது.

திருமணம், வளைகாப்பு, மணிவிழா, சிலவேளை இறந்தவரை நாற்காலியில் சாய்த்து அமர்த்திச் சுற்றத்தார் உடன்நின்ற இறுதிப்படம் எனக் குடும்ப வாழ்வின் படிகள் யாவும் வண்ணம் தீட்டிய திரைச்சீலையின் முன் வந்து நின்றன. காரைக்கால் பகுதியினர் சைகோனுக்கும் மலேயாவுக்கும் பொருள்தேடிச் சென்ற நாளில், கடிதத்துடன் படமும் கடல் கடந்தது.

இப்படங்களின் மூலமான கண்ணாடித் தகடுகளோ பெரிதும் அழிந்தன. வெள்ளிக்காகவும், கழுவினால் கிடைக்கும் வெறுங்கண்ணாடிக்காகவும் அவை விலைபோயின. எஞ்சியவற்றைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் துணையுடன் தேடிக் கணினிப்படிகளாக்கினர். 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுப் படங்களே அம்முயற்சியின் எல்லை.

ஆயினும் காப்பகம் முகத்தைக் காக்குமேயன்றிப் பெயரைத் தராது. அது வீட்டு முதியோர் நினைவில் உள்ளது. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவைக்கலாம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும், ஆகாது.

விழிதியூரில் எங்கள் இல்லத்துப் படமொன்றில் பாட்டனார் அமர்ந்திருக்கிறார். அருகே துருக்கித் தொப்பி அணிந்த சிறுவன் ஒருவன். அவன் யாரென என் தந்தையின் தமக்கையாரிடம் கேட்க எண்ணியிருந்தேன். அவர்கள் வஃபாத்தாகி மூன்றாண்டுகள் ஆகின்றன.